காலக்கெடுவும் நல்ல இடைமுகமும்: எதை விடலாம், எதை விடக்கூடாது?

கேமரன் மலையில் வளரும் பிள்ளைகளுக்குத் தேயிலை ஆலையின் மணம் புதிதல்ல. பறித்த கொழுந்து ஆலைக்கு வந்ததும் முதலில் வாட்டப்படுகிறது. பிறகு உருட்டப்படுகிறது. உருட்டும்போது இலையின் உயிரணுக்கள் உடைந்து, அதிலுள்ள நொதி காற்றிலுள்ள உயிர்வளியோடு சேர்ந்து வேலையைத் தொடங்கிவிடும். பச்சை இலை செம்பு நிறமாக மாறுவதற்கு இதுவே காரணம். சரியான நேரத்தில் வெப்பமூட்டினால் நொதியின் வேலை நின்றுவிடும். நல்ல தேநீர் கிடைக்கும். முந்தினால் பச்சை வாடை அடிக்கும். பிந்தினால் நிறமும் சுவையும் மங்கும்.

இந்தக் காலக்கெடுவை வேதியியல் விதிக்கிறது. மேலாளரிடம் மனுப் போட்டாலும் அது நீளாது.

மென்பொருள் உலகத்திலும் காலக்கெடு உண்டு. "இந்தத் தேதியில் செயலி வெளிவர வேண்டும்" என்று ஒரு நாள் குறிக்கப்படும். வடிவமைப்பாளர் "இன்னும் இரண்டு மாதம் கொடுங்கள், திரையைச் சரியாக அமைத்துத் தருகிறேன்" என்பார். திட்டத்தை நடத்துபவர் "இரண்டு நாள்கூடக் கிடையாது" என்பார். இருவரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்த இழுபறியில் எப்படி முடிவெடுப்பது என்பதே இந்த வாரப் பாடம். படிவம் 4, படிவம் 5 மாணவர்கள், குறிப்பாகக் கணினி அறிவியல் எடுத்தவர்கள், தங்கள் செயல்திட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்கலாம்.

இடைமுகம் என்றால் என்ன?

மனிதனும் கணினியும் சந்திக்கும் இடமே இடைமுகம். திரையில் உள்ள பொத்தான், எழுத்து, நிறம், ஒலி, பிழைச் செய்தி எல்லாம் அதில் அடங்கும். உள்ளே நிரல் எவ்வளவு திறமையாக எழுதப்பட்டிருந்தாலும் பயனர் பார்ப்பது இடைமுகத்தைத்தான்.

நல்ல இடைமுகத்துக்கு ஐந்து குணங்களைச் சொல்லலாம். ஒன்று, சீர்மை: ஒரே வேலையைச் செய்யும் பொத்தான் எல்லாப் பக்கத்திலும் ஒரே இடத்தில், ஒரே தோற்றத்தில் இருக்க வேண்டும். இரண்டு, தெளிவாகத் தெரிதல்: எதை அழுத்தலாம் என்பது பார்த்தவுடன் புரிய வேண்டும். மூன்று, கற்க எளிமை. நான்கு, ஊகிக்க முடிதல்: இதை அழுத்தினால் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். ஐந்து, மறுமொழி: அழுத்திய பிறகு வேலை நடந்ததா இல்லையா என்பதைச் செயலி சொல்ல வேண்டும்.

பொத்தானின் அளவுக்கு ஒரு கணக்கு

இடைமுகம் வெறும் அழகு சார்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குப் பின்னால் அளந்து பார்த்த அறிவியல் இருக்கிறது. 1954-இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், கை ஓர் இலக்கைத் தொட எடுக்கும் நேரத்தை ஆராய்ந்து ஒரு விதியைக் கண்டார். இலக்கு தொலைவில் இருந்தால் நேரம் கூடும். இலக்கு சிறிதாக இருந்தாலும் நேரம் கூடும்.

கணக்காகப் பார்ப்போம். தொலைவை இரண்டால் பெருக்கி, பொத்தானின் அகலத்தால் வகுக்க வேண்டும். வரும் எண் இரண்டின் எத்தனையாவது அடுக்கு என்பதே அந்த வேலையின் கடினம். விரல் 80 மில்லிமீட்டர் நகர வேண்டும், பொத்தான் 5 மில்லிமீட்டர் அகலம் என்றால், 160-ஐ 5-ஆல் வகுக்க 32 வரும். அது இரண்டின் ஐந்தாம் அடுக்கு. ஆகவே கடினம் 5. பொத்தானை 10 மில்லிமீட்டராக்கினால் 16, அதாவது கடினம் 4. 20 மில்லிமீட்டராக்கினால் 8, அதாவது கடினம் 3. கடினம் குறையக் குறைய நேரமும் அதே சீராகக் குறையும்.

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கான வடிவமைப்பு வழிகாட்டி, தொடும் இடம் சுமார் 9 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது. கண் பார்வை மங்கிய பாட்டிக்கும், கொழுந்து பறித்துக் காய்த்துப்போன விரலுக்கும் இந்த மில்லிமீட்டர்கள் மிக முக்கியம்.

இரண்டு வகைக் காலக்கெடு

செயலிகளின் காலக்கெடுவை இரண்டாகப் பிரிக்கலாம். முதல் வகை, தேயிலையின் நொதியைப் போன்றது. வெளியே இருந்து வருவது, தள்ளிப்போட முடியாதது. நோய்ப் பரவல், தேர்தல் நாள், தேர்வு நாள் ஆகியவை இதில் சேரும். இரண்டாம் வகை, நாமே வைத்துக்கொள்வது. ஆண்டு விழாவில் அறிமுகம் செய்ய வேண்டும், போட்டி நிறுவனத்துக்கு முன்னால் வெளியிட வேண்டும் என்பவை இதில் சேரும். முதல் வகையில் வேலையைக் குறைக்க வேண்டும். இரண்டாம் வகையில் வேலையையும் குறைக்கலாம், தேதியையும் மாற்றலாம். எந்த வகை என்று கேட்காமலேயே எல்லோரும் அவசரப்படுவதுதான் பல செயலிகள் கெட்டுப்போகக் காரணம்.

மைசெஜாத்ரா சொல்லும் பாடம்

முதல் வகைக்கு நாமெல்லாரும் அறிந்த எடுத்துக்காட்டு மைசெஜாத்ரா. 2020 மார்ச் 18-ஆம் தேதி நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அடுத்த மாதமே, ஏப்ரலில், மைசெஜாத்ரா வந்துவிட்டது. கிருமி காத்திருக்காது என்பதால் செயலியும் காத்திருக்கவில்லை.

அது முழுமையாகப் பிறந்த செயலி அல்ல. வசதிகள் பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கடைகளுக்குள் நுழையும்போது கியூஆர் குறியீட்டை வருடும் பழக்கம் வந்தது. 2021 பிப்ரவரியில் தேசியத் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது பதிவும் சந்திப்பு நாளும் அதே செயலிக்குள் வந்தன. தடுப்பூசிச் சான்றிதழ் வந்தது. குடும்பத்திலுள்ள மற்றவர்களைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் வசதியும் வந்தது. 2022 மே 1 முதல் வருகைப் பதிவு தேவையில்லை என்றான பிறகு, பலர் தினமும் திறந்த பொத்தான் பயனற்றுப் போனது.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, சிறியதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கட்டியது. எல்லா வசதியும் சேரட்டும் என்று காத்திருந்திருந்தால், செயலி வரும்போது தேவையே முடிந்திருக்கும். இரண்டாவது, செயலிக்கு வெளியே இருந்த மாற்று வழி. கைப்பேசி இல்லாதவர் கடை வாசலில் இருந்த புத்தகத்தில் பெயரையும் எண்ணையும் எழுதிவிட்டு உள்ளே போனார். நாற்பது காசுப் பேனாவும் ஒரு புத்தகமும் இடைமுகத்தின் ஒரு பகுதியாக இருந்தன. தொடர்பு அலை சரியாக எட்டாத மலைச்சரிவுகளில் இந்த மாற்று வழியின் மதிப்பு அதிகம். அவசரமாக வரும் எந்தச் செயலிக்கும், அது இயங்காத நேரத்தில் மக்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு விடை இருக்க வேண்டும்.

ஆனால் படிப்படியாகக் கட்டுவதற்கும் விலை உண்டு. ஒவ்வொரு வசதியாக ஒட்டிக்கொண்டே போனால் முகப்புத் திரை நெரிசலாகும். வீட்டுக்குப் பின்னால் ஆண்டுக்கு ஓர் அறையாக நீட்டிக்கட்டினால், கடைசியில் குளியலறைக்குப் போக மூன்று அறைகளைக் கடக்க வேண்டியிருக்கும் அல்லவா? அதுபோலத்தான்.

விட்டுவிடுவதும் ஒரு வடிவமைப்பே

காலம் போதாதபோது வடிவமைப்பாளருக்கு இரண்டு வழிகள். எல்லா வசதியையும் அரைகுறையாகச் செய்யலாம். அல்லது சிலவற்றை அடியோடு விட்டுவிட்டு, மீதியை நன்றாகச் செய்யலாம்.

ஆப்பிள் நிறுவனத்தின் முதல் ஐபோன் 2007 ஜூன் 29-ஆம் தேதி விற்பனைக்கு வந்தது. அதில் எழுத்தை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டும் வசதி கிடையாது. சாதாரணக் கணினியில்கூட இருந்த வசதி அது. பலர் குறை சொன்னார்கள். விரலால் தொடும் திரையில் எழுத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பது அன்று புதிய சிக்கல். அந்த வசதி 2009 ஜூனில்தான் வந்தது. இரண்டு ஆண்டுகள் இல்லாமல் இருந்ததை மக்கள் பொறுத்துக்கொண்டார்கள். வந்தபோது அது எளிதாக இருந்ததால் அப்படியே பழகிக்கொண்டார்கள்.

இல்லாத வசதியைப் பின்னர் சேர்க்கலாம், பயனர் மகிழ்வார். மோசமாக வந்த வசதியை மாற்றுவதென்றால், முதலில் பழகியதை மறக்கச் சொல்ல வேண்டும், பயனர் எரிச்சலடைவார்.

விடக்கூடாதவை

எல்லாவற்றையும் விட்டுவிட முடியுமா? முடியாது. பாதுகாப்பு, அடையாளச் சரிபார்ப்பு, தவற்றைத் திருத்தும் வழி ஆகிய மூன்றும் காலக்கெடுவுக்காகக் கைவிடக்கூடாதவை.

மத்தியத் தரவுத் தளமான பாடு 2024 ஜனவரி 2-ஆம் தேதி தொடங்கப்பட்டது. பதிவுக்கு மார்ச் 31 கடைசி நாள். உதவித்தொகை யாருக்குப் போக வேண்டும் என்பதற்கான தரவு என்பதால் மக்கள் ஆர்வமாகவும் அச்சத்தோடும் பதிந்தார்கள். தொடங்கிய உடனேயே, பிறருடைய அடையாள அட்டை எண்ணைப் பயன்படுத்தி அவர் பெயரில் நுழைய வழியிருக்கிறது என்ற குறை சுட்டிக்காட்டப்பட்டது. அது விரைவில் திருத்தப்பட்டதாக அறிவிப்பு வந்தது. பொத்தானின் நிறம் சரியில்லை என்றால் மக்கள் முகம் சுளிப்பார்கள். கதவுக்குப் பூட்டில்லை என்றால் திரும்பி வரத் தயங்குவார்கள்.

அமெரிக்காவிலும் இப்படி ஒன்று நடந்தது. மருத்துவக் காப்புறுதி வாங்குவதற்கான அரசு இணையத்தளம் 2013 அக்டோபர் 1-ஆம் தேதி திறக்கப்பட்டது. முதல் நாளில் பதிவை முழுமையாக முடித்தவர்கள் ஆறே பேர். காரணங்கள் பல. அவற்றில் ஒன்று இடைமுகம் பற்றிய ஒரு முடிவு: காப்புறுதித் திட்டங்களைச் சும்மா பார்ப்பதற்குக்கூட முதலில் கணக்குத் தொடங்க வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் வாங்க வந்தவர்களும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டார்கள். சந்தைக்குள் நுழையவே வரிசை என்றால் எப்படி? திரையில் எந்தப் பக்கம் முதலில் வர வேண்டும் என்ற சிறிய முடிவு, கணினிகளின் சுமையையே மாற்றிவிடும் என்பதற்கு இது சான்று.

ஆளைக் கூட்டினால் முடியாதா?

"காலம் குறைவு என்றால் ஆட்களைக் கூட்டுங்கள்" என்பது எளிய யோசனை. கொழுந்து பறிப்பதில் அது பலிக்கும். பத்துப் பேர் பறிக்கும் வரிசைகளை இருபது பேர் ஏறக்குறையப் பாதி நேரத்தில் பறித்துவிடலாம். ஒருவர் பறிப்பதற்கு மற்றவரிடம் பேசத் தேவையில்லை.

மென்பொருளில் அப்படியில்லை. ஐபிஎம் நிறுவனத்தில் பெரிய திட்டமொன்றை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-இல் எழுதிய புத்தகத்தில் இதை விளக்கினார்: ஏற்கெனவே தாமதமான திட்டத்தில் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும். ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரோடும் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேருக்கு மூன்று தொடர்புகள். ஆறு பேருக்குப் பதினைந்து. பன்னிரண்டு பேருக்கு அறுபத்தாறு. ஆட்கள் நான்கு மடங்கானால் தொடர்புகள் இருபத்திரண்டு மடங்காகின்றன. புதிதாக வந்தவருக்குக் கற்றுக்கொடுக்கும் நேரமும் பழையவருடையதே. எனவே தேதி நெருங்கும்போது குறைக்க வேண்டியது வேலையை.

ஐந்து பேரிடம் காட்டுங்கள்

சோதித்துப் பார்க்க நேரமில்லை என்பது அடுத்த சாக்கு. 1993-இல் யாக்கோப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஒரு பயனரை வைத்துச் சோதித்தால், இடைமுகத்தில் உள்ள குறைகளில் சராசரியாக 31 விழுக்காடு தெரிந்துவிடும் என்று எடுத்துக்கொள்வோம். தெரியாமல் எஞ்சுவது 69 விழுக்காடு. இரண்டாமவர் வந்தால் எஞ்சுவது 69-இல் 69 விழுக்காடு, அதாவது சுமார் 48. மூன்றாமவருக்குப் பிறகு 33. ஐந்தாமவருக்குப் பிறகு ஏறக்குறைய 16. ஆக, ஐந்தே பேரால் குறைகளில் சுமார் 84 விழுக்காடு வெளிவந்துவிடுகிறது. பதினைந்து பேரை ஒரே தடவை கூப்பிடுவதைவிட, ஐந்து பேரிடம் காட்டித் திருத்தி, மறுபடி ஐந்து பேரிடம் காட்டுவது மேல்.

இதற்குச் செயலிகூடத் தேவையில்லை. காகிதத்தில் திரையை வரைந்து நீட்டி, "சம்பளச் சீட்டைப் பார்க்க எங்கே தொடுவீர்கள்?" என்று கேட்டால் போதும். விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே குறை இருக்கிறது. ஆனால் அந்த ஐந்து பேர் உங்கள் வகுப்பு நண்பர்களாக இருந்தால் பயனில்லை. செயலியை உண்மையில் பயன்படுத்தப் போகிறவர்களாக இருக்க வேண்டும்.

பழகிய விரல் மாறாது

அவசரத்தில் எடுத்த முடிவுகளை வார்ட் கன்னிங்ஹாம் என்ற மென்பொருளாளர் 1992-இல் கடனோடு ஒப்பிட்டார். இன்று நேரத்தைக் கடன் வாங்குகிறோம். நாளை வட்டியோடு கட்ட வேண்டும். உள்ளிருக்கும் நிரலில் பட்ட கடனை நிரலாளர்கள் அடைத்துவிடலாம். இடைமுகத்தில் பட்ட கடன் பயனரின் விரல் நினைவில் ஏறிவிடும்.

தமிழ் விசைப்பலகையைப் பாருங்கள். தட்டச்சுப் பொறிக்காக அமைந்த வரிசை ஒன்று, ஆங்கில ஒலிப்பை வைத்துத் தட்டும் முறை ஒன்று என்று ஆளுக்கொரு வழக்கம் வேரூன்றியது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 என்ற பொது விசைப்பலகை பரிந்துரைக்கப்பட்டது. உயிரெழுத்து ஒரு பக்கமும் மெய் ஒரு பக்கமுமாக, குறைந்த தட்டல்களில் எழுத வகைசெய்வது அது. இருந்தும் பழைய வரிசைகள் இன்றும் மறையவில்லை. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், ஒன்றுக்கு மேற்பட்ட விசைப்பலகைகளைத் தேர்ந்தெடுக்க இடம் தந்தது. பழகியவரை விரட்டாமல் புதியதைப் பக்கத்தில் வைப்பது, பழைய கடனை அடைக்க ஏற்ற வழிகளில் ஒன்று.

பயிற்சி: கொழுந்து நிறுவைச் செயலி

இனி நீங்களே செய்து பாருங்கள். தோட்டத்தில் ஒவ்வொருவரும் பறித்த கொழுந்தின் எடையைப் பதியும் செயலி ஒன்றை ஆறு வாரத்தில் முடித்து, பள்ளிப் போட்டிக்கு அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் இடத்தையும் ஆளையும் பாருங்கள். மூடுபனியும் தூறலும் உள்ள இடம். கைப்பேசியின் திரை, விரலால் ஏற்படும் மின்தேக்க மாற்றத்தை உணர்ந்து இயங்குகிறது. நீர்த்துளியும் அதே மாற்றத்தைக் காட்டும் என்பதால் ஈரத் திரை தானாகவே தொட்டதுபோல் நடந்துகொள்ளும். சாதாரண ரப்பர் கையுறை மின்சாரத்தைக் கடத்தாது. அதைப் போட்டுக்கொண்டு தொட்டால் திரை பெரும்பாலும் அசையாது. பயன்படுத்துபவர்களில் தமிழர் இருப்பார்கள். வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களும் இருப்பார்கள்.

இப்போது வசதிகளைப் பட்டியலிட்டு மூன்றாகப் பிரியுங்கள்.

கட்டாயம் வேண்டியவை: தொழிலாளி எண்ணையும் எடையையும் பதிதல்; பதியும் முன் எடையைப் பெரிய எழுத்தில் காட்டி "சரியா?" என்று கேட்டல், அலை இல்லாதபோதும் கைப்பேசியிலேயே சேமித்தல், தவறான பதிவைத் திருத்தல், திருத்தியவர் யார் என்ற குறிப்போடு.

இருந்தால் நல்லது: பல மொழிகளில் எழுத்து, மாத மொத்தம். மொழிகளுக்கு நேரமில்லை என்றால், முதல் பதிப்பில் எண்களும் படங்களும் போதும்.

பிறகு பார்க்கலாம்: வரைபடங்கள், நிறத் தோற்றங்கள், முகப்படம்.

திருத்தும் வசதியை ஏன் கட்டாயப் பட்டியலில் வைத்தோம்? 32 கிலோவை யாராவது 23 என்று பதிந்தால், ஒன்பது கிலோவுக்கான உழைப்பு கணக்கிலிருந்து காணாமல் போகும். மழையில் சரிவேறிப் பறித்தவருடைய கூலி அது. காலக்கெடு அந்தப் பொத்தானை நீக்கச் சொன்னால், வரைபடத்தை நீக்குங்கள், வண்ணத்தை நீக்குங்கள், அந்தப் பொத்தானை மட்டும் விடாதீர்கள்.

முடிவெடுக்க ஒரு கேள்வி உதவும்: "இது இல்லாமலோ மோசமாகவோ வெளிவந்தால் யாருக்கு நட்டம்?" நமக்குக் கொஞ்சம் வெட்கம் மட்டும்தான் என்றால் தள்ளிப்போடலாம். பயனரின் பணம், உடல்நலம், அடையாளம் ஆகியவற்றில் கைவைக்கும் என்றால் தள்ளிப்போடக்கூடாது. தேவைப்பட்டால் வெளியீட்டுத் தேதியைத் தள்ள வேண்டும்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. விரல் 60 மில்லிமீட்டர் நகர வேண்டும். பொத்தானின் அகலம் 15 மில்லிமீட்டர். ஃபிட்ஸ் விதிப்படி கடினம் எவ்வளவு? அகலத்தைப் பாதியாக்கினால் என்னவாகும்?

2. உங்கள் குழுவில் ஐந்து பேர். இன்னும் மூவரைச் சேர்த்தால் தொடர்புகளின் எண்ணிக்கை எத்தனையிலிருந்து எத்தனையாகக் கூடும்?

3. வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் கைப்பேசியில் ஏதாவது ஒரு செயலியைப் பயன்படுத்தும்போது உதவி செய்யாமல் ஐந்து நிமிடம் கவனியுங்கள். அவர் விரல் எங்கெங்கே தயங்கியது? மேலே சொன்ன ஐந்து குணங்களில் எது அங்கே குறைந்திருக்கிறது?

4. கொழுந்து நிறுவைச் செயலிக்கு ஆறு வாரத்துக்குப் பதில் மூன்றே வாரம் தந்தால், கட்டாயப் பட்டியலில் எதையாவது விடுவீர்களா? விட்டால் அதற்கு என்ன மாற்று வழி வைப்பீர்கள்? மைசெஜாத்ரா காலத்துக் கடை வாசல் புத்தகத்தை நினைவில் வைத்துக்கொண்டு விடை எழுதுங்கள்.